ஒன்றோ, இரண்டோ?

நம் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதிக்குக் கட்டுரை வரைவோர் கம்பனது கவிநலத்தையோ, சங்கச் சான்றோரின் மாண்பையோ, கிறித்தவப் பெரியார் ஒருவரின் தமிழ்த்தொண்டையோ பொருளாக எடுத்துக்கொள்ளுதல் வழக்கம். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ, விளையாட்டுக் கணினி ஒன்றில் கிராபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டை ஒன்றை வைப்பதா, இரண்டை வைப்பதா என்பதாம். தமிழ்ச் சிறப்பு வகுப்பினர் எழுதற்கு இது தகுமோ என்று அன்பர்கள் ஐயுறலாம். ஆயினும் 2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் பல இரவுகள் எம்மை உறங்கவொட்டாது செய்தது இவ்வினாவேயாதலின், அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எம் தமையனார் 2016ஆம் ஆண்டில், தாம் முதன்முதல் ஈட்டிய சம்பளத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, தம் கையாலேயே ஒரு கணினியைப் பூட்டி அமைத்தார். அதில் ஜீடிஎக்ஸ் 970 என்னும் வரைகலை அட்டை ஒன்றைப் பொருத்தினார். 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் என்விடியா நிறுவனத்தார் வெளியிட்ட அவ்வட்டை, அக்காலத்தில் எம்மனோர்க்கு எட்டிய அட்டைகளுள் சிறந்தது. ஆனால் அவர் உள்ளம் ஒன்றோடு அமையவில்லை. இரண்டு அட்டைகளைத் தாங்கவல்ல தாய்ப்பலகையையே தேடி வாங்கினார். ஒன்றுக்கு வேண்டுவதினும் மிகுதியாக, 750 வாட்டு மின்வழங்கியையும் வாங்கினார். அத்தாய்ப்பலகையோடு வந்த சிறு இணைப்புப் பட்டை ஒன்றைத் தாளிற் சுற்றி மேசை இழுப்பறையிற் பத்திரப்படுத்தினார். இரண்டு அட்டைகளின் தலைகளையும் பிணைக்கும் அதற்குப் பாலம் என்று பெயர். விரல் நீளமே உடைய அதனை அவர் அவ்வப்போது எடுத்துக் காட்டி, "தம்பி, அடுத்த ஆண்டு இன்னொன்று வாங்கிச் சேர்த்துவிட்டால் இந்த ஊரிலேயே நம் கணினிக்கு இணை இராது" என்பார்.

அடுத்த ஆண்டு வந்தது, அட்டை வரவில்லை. 2017ஆம் ஆண்டு ஜூனில் யாம் ஆறாம் வகுப்பிற் சேர்ந்தோம். அட்டைக்கென்று அவர் சேர்த்து வைத்திருந்த பணம் எம் பள்ளிக் கட்டணத்துக்குச் சென்றது. அதனை அவர் ஒருநாளும் எம்மிடம் சொன்னதில்லை. அம்மா சொல்லியே பின்னாளில் அறிந்தோம். அதன்பின் அவர் மஸ்கட்டுக்கு வேலைக்குச் சென்றார். கணினி எம் கைக்கு வந்தது. அதன் கீழ்ப்பொருத்துவாய் வெறுமையாகவே இருந்தது. பெட்டியைத் திறந்து தூசி துடைக்குந்தோறும் அவ்வெறுமை எம் கண்ணில் உறுத்தும்.

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் எம் தமையனார் எம் பெயருக்கு 30,000 ரூபாய் அனுப்பினார். கூடவே கைப்பேசியில் ஒரு குரற்செய்தியும் வந்தது. "தம்பி, இப்போது அந்தப் பழைய அட்டை மலிவாகக் கிடைக்கும். இன்னொன்று வாங்கிப் பாலத்தைப் போட்டுவிடு. மிச்சத்தில் உனக்கு வேண்டிய நூல்களை வாங்கிக்கொள்." கைம்மாறிய பழைய 970 ஒன்று ஆறாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் என்று விசாரித்து அறிந்தோம். மிச்சம் 24,000 ரூபாய். அதற்கு ஒரு சிறு நூலகமே வாங்கலாம். அண்ணன் கனவும் நிறைவேறும், எம் கடனும் தீரும் என்று மகிழ்ந்தோம். கோபுரங் கட்ட விரும்புவோன் முன்னதாக உட்கார்ந்து செலவைக் கணக்கிடுதல் வேண்டும் என்னும் சுவிசேஷ உவமையைப் பலமுறை கேட்டிருந்தமையால், வாங்குமுன் இச்செய்தியைச் சற்று ஆராய்வோம் என்று அமர்ந்தோம். அங்கேதான் தொல்லை தொடங்கிற்று.

வரைகலை அட்டையின் தொழில் யாதெனின், விளையாட்டில் நாம் காணும் காட்சியை நொடிதோறும் பன்முறை புதிதாக வரைந்து திரைக்கு அனுப்புதலாம். நொடிக்கு 60 படங்கள் வரின் ஒவ்வொரு படத்துக்கும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடியே உண்டு. அத்துணை விரைவில் ஓர் அட்டையால் வரைய இயலாதபோது, இரண்டு அட்டைகளிடம் வேலையைப் பகிர்ந்து கொடுத்தாலென்ன என்னும் எண்ணம் இயல்பாகவே எழும். 1998ஆம் ஆண்டில் திரீடிஎஃப்எக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தார் வூடு 2 என்னும் அட்டையில் இதனைச் செய்து காட்டினர். திரையின் ஒற்றைப்படை வரிகளை ஓர் அட்டையும் இரட்டைப்படை வரிகளை மற்றோர் அட்டையும் வரையும். தனித்து நிற்கையில் 800க்கு 600 புள்ளிகள் வரையே எட்டிய அவ்வட்டை, இணைந்தபோது 1024க்கு 768 வரை எட்டிற்று. அம்முறைக்கு எஸ்.எல்.ஐ. என்று பெயர் வைத்தனர். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நிறுவனத்தின் உடைமைகளை வாங்க என்விடியா உடன்பட்டது. ஒரே பலகையில் இரண்டு அட்டைகளை நிறுத்துதற்கேற்ற பிசிஐ எக்ஸ்பிரஸ் பொருத்துவாய்கள் வந்தபின், 2004ஆம் ஆண்டில் அதே மூன்றெழுத்துப் பெயரை வேறு விரிவோடு என்விடியா மீண்டும் கொணர்ந்தது. மறு ஆண்டே ஏடிஐ நிறுவனத்தார் கிராஸ்ஃபயர் என்னும் தம் முறையை வெளியிட்டனர்.

இவற்றைப் படிக்கையில் எமக்கு நம் இரட்டைப் புலவர் நினைவுக்கு வந்தனர். ஒருவர் கண்ணிலார், மற்றவர் காலிலார். கண்ணிலார் காலிலாரைத் தோளிற் சுமக்க, இவர் வழிகாட்டச் சென்றனர் என்பதும், ஒருவர் வெண்பாவின் முற்பகுதியைப் பாட மற்றவர் பிற்பகுதியைப் பாடி முடிப்பார் என்பதும் நாம் இலக்கிய வரலாற்றில் கற்பன. வரிக்கு வரி மாறி வரைந்த வூடு அட்டைகள் ஏறத்தாழ அவ்விரட்டையரைப் போல்வன. 2004க்குப் பின் வந்த இணைப்பு முறையில் பெரிதும் வழங்கியதோ வேறு. அதில் முதற்படம் முழுவதையும் ஓர் அட்டை வரையும். இரண்டாம் படம் முழுவதையும் மற்றோர் அட்டை வரையும். மூன்றாவது மீண்டும் முதல் அட்டைக்கு. அஃதாவது ஒருவர் ஒரு பாட்டு, மற்றவர் அடுத்த பாட்டு என்று மாறி மாறிப் பாடுதல்.

இம்முறையில் உள்ள குறைகள் மூன்று எமக்குப் புலனாயின.

முதலாவது, படங்களின் எண்ணிக்கை கூடினும் அவற்றின் இடைவெளி ஒழுங்காக அமைவதில்லை. ஓர் அட்டை ஒரு படத்தை வரைய 33 மில்லிநொடி கொள்வதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் சரிபாதி இடைவெளியில் தொடங்கினால், 16 அல்லது 17 மில்லிநொடிக்கு ஒரு படம் வரும், கண்ணுக்கு இனிமையாயிருக்கும். அவ்வாறன்றி இரண்டாவது அட்டை முதல் அட்டையை ஒட்டியே தொடங்கிவிடுமாயின், 5 மில்லிநொடியில் ஒரு படமும் 28 மில்லிநொடி கழித்து அடுத்ததும் வரும். கணக்கெடுப்போர்க்கு நொடிக்கு 60 படம் என்றே தோன்றும்; காண்போர்க்கோ 30 படத்தினும் சிறிதே மேம்பட்டதாய், ஒரு நடுக்கத்தோடு தோன்றும். இதனை நுண்திக்கல் என்னலாம். இக்குறையைத் தணித்தற்கென்றே 2013ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஏடிஐயைத் தன்னுட் கொண்ட ஏஎம்டி நிறுவனம் தனி மென்பொருள் வெளியிட நேர்ந்தது. மேலும், ஒழுங்காக வந்தாலும் ஒவ்வொரு படமும் உருவாக 33 மில்லிநொடி ஆகவே செய்யும். ஆகலின் பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் விளைவு தோன்றுதற்கும் உள்ள தாமதம் பாதியாகக் குறைவதில்லை.

இரண்டாவது, நினைவகம் கூடுவதில்லை. 4 ஜிகாபைட்டும் 4 ஜிகாபைட்டும் 8 ஆம் என்று எம் தமையனார் எண்ணியிருந்தார், யாமும் எண்ணினோம். ஆனால் இரண்டு அட்டைகளும் ஒரே காட்சியின் படங்களையே மாறி மாறி வரைவதால், காட்சிக்கு வேண்டிய பொருள்கள் அனைத்தையும் ஒவ்வொன்றும் தன்னிடம் படியெடுத்து வைத்துக்கொள்ளல் வேண்டும். ஒரு நூலின் இரண்டு படிகளை வாங்கியவன் இரண்டு நூல்களை உடையவன் ஆகான் அன்றோ?

மூன்றாவதே பெரிது. பழைய விளையாட்டுகளில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உறவு குறைவு. ஒவ்வொன்றும் தனிப்பாடல் போன்றது. ஆதலின் இருவர் பகிர்ந்து பாடுதல் கூடிற்று. இக்கால விளையாட்டுகளோ, விளிம்புகளை மெருகிடுதற்கும் ஒளிநிழலைத் திருத்துதற்கும் முந்திய படத்திலிருந்தே செய்திகளை எடுத்துக்கொள்கின்றன. இஃது அந்தாதி போன்றது. முன்பாட்டின் ஈற்றுச்சொல் யாதென்று அறிந்தாலன்றி அடுத்த பாட்டைத் தொடங்க இயலாது. இருவர் அந்தாதி பாடப் புகின், ஒருவர் முடிக்குமளவும் மற்றவர் வாளா இருத்தல் வேண்டும். முடித்தபின் ஈற்றுச்சொல்லை ஒருவரிடமிருந்து மற்றவர் கேட்டறியும் காலமும் வீணாகும். ஒருவரே பாடியிருந்தால் அக்காலமும் மிஞ்சும்.

இக்காரணங்களால் செய்வோரே இம்முறையைப் படிப்படியாகக் கைவிட்டனர். 2016ஆம் ஆண்டு வெளியான ஜீடிஎக்ஸ் 1060 அட்டையில் பாலம் பொருத்தும் இடமே இல்லை. 2020ஆம் ஆண்டு வெளியான வரிசையில் 3090 ஒன்றிலேயே இணைப்பு வாய் எஞ்சியது. அவ்வாண்டு செப்டம்பரில், பழைய அட்டைகளுக்கு 2021ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டுப் புதிய இணைப்புக் குறிப்புகள் எழுதப்படமாட்டா என்று என்விடியா அறிவித்தது. ஒவ்வொரு விளையாட்டும் இரண்டு அட்டைகளை எவ்வாறு ஏவுதல் வேண்டும் என்று மென்பொருளில் எழுதி வைக்கும் அக்குறிப்பு இன்றேல், இரண்டாம் அட்டைக்கு வேலை வருவதற்கு வழியில்லை. விளையாட்டை ஆக்குவோரே அவ்வேலையைத் தம் தலைமேற் கொள்ள 2015ஆம் ஆண்டு வெளிவந்த டைரக்ட் எக்ஸ் 12 இடமளித்தது. சிலர் செய்தும் காட்டினர். ஆயினும் இரண்டு அட்டை உடையோர் மிகச் சிலரே; அச்சிலர்க்காகப் பெரும்பொருள் செலவிட எத்தனை பேர் முன்வருவர்? 2022ஆம் ஆண்டு வெளியான 4090 அட்டையில் அவ்விணைப்பு வாயும் மறைந்தது.

எம் வினா இப்போது வேறு வடிவம் கொண்டது. ஒற்றை ஆர்டிஎக்ஸ் 4060 அட்டை 2023ஆம் ஆண்டு ஜூனில் வெளிவந்தது. அதன் நினைவகம் 8 ஜிகாபைட்டு. மின்செலவு 115 வாட்டு. பழைய 970 ஒன்றே 145 வாட்டு கொள்ளும், இரண்டாயின் 290. இரண்டு 970 குறையின்றி ஒத்துழைப்பினும் செய்யக்கூடிய வேலையை, 4060 ஒன்றே ஏறத்தாழச் செய்துவிடும். அதன் விலை அண்ணன் அனுப்பிய தொகைக்குச் சற்றே குறைவு. ஆனால் அதனை வாங்கினால் நூல்களுக்கு மிச்சமில்லை. அதனினும் மேலாக, அண்ணன் எட்டாண்டு பேணிய பாலத்துக்கு இடமில்லை.

இவ்விடத்தில் எம் உள்ளம் ஒளித்துவைத்த ஒன்றையும் வெளியிடல் வேண்டும். புதிய அட்டையை எம் மனம் விரும்பிற்று. சைபர்பங்க் 2077 என்னும் விளையாட்டைப் பழைய அட்டையில் தாழ்ந்த தரத்திலேயே ஆடி வந்தோம். அதனை முழு அழகோடு காணும் ஆசை எமக்கு உண்டு. அப்படியாயின் யாம் கண்டெடுத்த காரணங்கள் எல்லாம் உண்மையைத் தேடிக் கண்டவையோ, ஆசைக்குத் துணையாகத் தேடிக் கொண்டவையோ என்று எம்மையே ஐயுற்றோம். தாழ்ந்த வழிகள் இரண்டும் தோன்றின. ஒன்று, 6,000 ரூபாய்க்குப் பழைய அட்டையை வாங்கிப் பொருத்தி, அது பயன்படினும் படாவிடினும், "அண்ணா, மிக அருமையாக ஓடுகிறது" என்று சொல்லி அவரை மகிழ்வித்தல். மற்றொன்று, புதியதை வாங்கிக்கொண்டு அவரிடம் சொல்லாதிருத்தல். முதலாவது அன்பின் உடையணிந்த பொய். இரண்டாவது உடையுமில்லாத பொய்.

மூன்று நாட்கள் கழித்து அவரை அழைத்து, படித்தவற்றைச் சொன்னோம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

"நீ பொருத்திப் பார்த்தாயா?" என்றார்.

"இல்லை அண்ணா. படித்ததைச் சொல்கிறேன்."

"நான் என் நண்பன் வீட்டில் இரண்டு அட்டை ஓடக் கண்ணால் கண்டிருக்கிறேன். அப்படி ஓர் அழகை அதுவரை நான் கண்டதில்லை. நீ பாராமலே தீர்ப்புச் சொல்கிறாயே!"

அவர் சொன்னது நியாயம். உடன் படித்த தோழர் ஒருவரிடம் 970 ஒன்று இருந்தது. செய்த நிறுவனம் வேறாயினும் உள்ளிருக்கும் செயலியும் நினைவக அளவும் ஒன்றேயாதலின் இணைத்தற்குத் தடையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் அவர் அதனைக் கொண்டுவந்தார். இழுப்பறையிலிருந்து தாட்சுருளை எடுத்துப் பிரித்தோம். எட்டாண்டுகளுக்குப் பின் பாலம் தன் இடத்திற் சென்று அமர்ந்தது. பெட்டிக்குள் இரண்டு அட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்ற காட்சி உண்மையிலேயே கம்பீரமாயிருந்தது. அம்மாவும் அடுக்களையிலிருந்து வந்து பார்த்துச் சென்றார்.

முதலில் ஜீடிஏ 5 என்னும் விளையாட்டைத் தொடங்கினோம். 2015ஆம் ஆண்டு கணினிக்கு வந்த அதற்கு இணைப்புக் குறிப்பு உண்டு. ஓர் அட்டையில் நொடிக்கு 58 படங்கள் வந்தன. இரண்டில் 96 வந்தன. தோழர் கைதட்டினார். எமக்கும் மயிர்க்கூச்செறிந்தது, அண்ணன் கண்டது இதனையே என்று உணர்ந்தோம். வண்டியை விரைந்து திருப்புங்கால் ஒரு மெல்லிய நடுக்கம் தெரிந்ததாயினும், அதனைப் பெரிதுபடுத்த மனம் வரவில்லை. அடுத்து, 2020ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான சைபர்பங்க் விளையாட்டைத் தொடங்கினோம். ஓர் அட்டையில் 34, இரண்டில் 34. அமைப்புகளை மாற்றிப் பார்த்தோம்; கணினியை அணைத்து மீண்டும் ஏற்றினோம்; அதே 34. கீழ் அட்டையின்மேற் கைவைத்துப் பார்த்தோம். மேலது சுட்டது, கீழது வேலையின்றி வெதுவெதுப்பாய்க் கிடந்தது. ஜீடிஏ ஓடியபோதோ கீழ் அட்டையின் வெங்காற்றை மேல் அட்டை உறிஞ்ச, தனித்து நிற்கையில் 72 பாகையில் நின்ற அதன் சூடு 81 பாகைக்கு ஏறியிருந்தது. மே மாத வெயிலில் அவ்வறை அடுப்பங்கரை போலாயிற்று.

அன்றிரவே கண்டதைக் கண்டவாறு அண்ணனிடம் உரைத்தோம். 58ஐயும் 96ஐயும் முதலிற் சொன்னோம். அஃது அவருக்கு உரிய உண்மை. பின்னர் 34ஐயும் 34ஐயும் சொன்னோம். கடைசியாக, "அண்ணா, புதியதன்மேல் எனக்கு ஆசை உண்டு. அதனையும் கணக்கில் வைத்துக்கொண்டு நீங்களே முடிவு சொல்லுங்கள்" என்றோம்.

அவர் சிரித்தார். "96 வந்ததா? எட்டு வருஷத்துக்குமுன் அதைப் பார்த்திருக்க வேண்டும்" என்றார். அதன்பின், "தம்பி, அன்று வாங்கியிருந்தாலும் நாலைந்து வருஷம்தானே ஓடியிருக்கும்? உன் படிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றே வாங்கு" என்றார். எம் பள்ளிக் கட்டணத்தைப் பற்றி அவர் வாய்திறந்தது அன்று ஒருநாளே. யாம் மறுமொழி சொல்ல இயலாது நின்றோம்.

அவ்வாண்டு டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் செல்லுமுன், சென்னை ரிச்சித் தெருவில் ஆர்டிஎக்ஸ் 4060 ஒன்றை வாங்கி, துணிகளுக்கிடையே சுற்றி எடுத்துச் சென்றோம். அண்ணனும் விடுமுறையில் வந்திருந்தார். பெட்டியைத் திறந்து அவரே தம் கையாற் பொருத்தினார். சைபர்பங்கின் இரவு நகரத்தை இருவரும் நெடுநேரம் வாய்பேசாது பார்த்திருந்தோம். கழற்றிய 970 அட்டையை எம் சித்தி மகனுடைய கணினியிற் பொருத்தினோம். அதுவரை வரைகலை அட்டையே இல்லாத அக்கணினியில் அச்சிறுவன் இப்போது ஜீடிஏ ஆடுகிறான். ஆகவே அண்ணன் விரும்பியவாறு அட்டைகள் இரண்டாயின. ஒரு பெட்டிக்குள் அல்ல, இரண்டு வீடுகளில்.

இதனால் இரண்டு அட்டைகள் எக்காலும் வீண் என்று யாம் சொல்லவந்ததாக அன்பர்கள் கொள்ளற்க. பிளெண்டர் போன்ற மென்பொருளால் அசைபடம் ஆக்குவோர்க்கு ஒவ்வொரு படமும் தனித்தனி வேலை, அவசரமும் இல்லை. முதல் நூறு படங்களை ஓர் அட்டையும் அடுத்த நூற்றை மற்றோர் அட்டையும் வரைந்து வைக்கலாம், பாலமும் வேண்டா. செயற்கை நுண்ணறிவு ஆராய்வோரும் பல அட்டைகளை ஒருங்கு நிறுத்திப் பெரும்பயன் கொள்கின்றனர். இலக்கணத்தில் நாம் கற்கும் அடுக்குத்தொடரும் இரட்டைக்கிளவியும் இதற்கு ஒப்பாகும். வருக வருக என்பதிற் சொற்களைப் பிரித்தாலும் ஒவ்வொன்றும் பொருள் தந்து நிற்கும். சலசல என்பதைப் பிரித்தால் எதுவும் பொருள் தாராது. எடுத்த வேலை அடுக்குத்தொடர் போன்றதாயின் இரண்டாகப் பகிர்க. இரட்டைக்கிளவி போன்றதாயின் ஒன்றிடமே விடுக. இக்கால விளையாட்டு பின்னையது.

ஆதலின், இவ்வாண்டு விளையாட்டுக் கணினி அமைக்கக் கருதும் நம் கல்லூரித் தோழர்க்கு எம் விண்ணப்பம் இது. கையிலுள்ள பொருளுக்கு எட்டும் நல்ல அட்டை ஒன்றையே வாங்குக. பின்னாளில் இன்னொன்று சேர்ப்போம் என்னும் எண்ணத்தில் இன்று தாழ்ந்ததை வாங்கற்க. பின்னாள் வருகையில் அவ்வட்டையின் காலமே முடிந்திருக்கக்கூடும். பணம் மற்றொருவர் தந்ததாயின், வாங்குமுன் கண்டதை அவரிடம் மறையாது சொல்லுக. பிறர் கனவைப் பொய்யாற் காப்பதினும், அவரோடு அமர்ந்து மெய்யைக் காண்பது அவர்க்குச் செய்யும் மரியாதையாம்.

அந்தப் பாலம் இப்போது எம்மிடம் இருக்கிறது. அண்ணன் மஸ்கட்டுக்குத் திரும்பும் நாளில் அதனை எம் கையிற் கொடுத்தார். வளையத்தக்க மெல்லிய பட்டையாதலின், நன்னூலுரையில் படித்த இடத்துக்கு அடையாளமாக அதனை வைத்திருக்கிறோம். சொல்லதிகாரம் இன்னும் முடியவில்லை.